புதன்கிழமை விடுமுறை

வியாழக்கிழமை காலை கடையைத் திறந்ததும் பெரியவளுக்கு முதல் போணியாகக் கிடைத்தது வசவு.

கடை என்றால் தெருவில் பலகை மாட்டிய கடை இல்லை. வீட்டின் பின்னறையில் இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, ஒரு கணினி, அவ்வளவுதான். ஆட்கள் இணையத்தில் வந்து தங்கள் சோபாவின் அளவைக் கொடுப்பார்கள். இவள் அதற்கு உறை தைத்து அனுப்புவாள். நாலு வருடமாக நடக்கிறது. வீட்டில் மூத்தவள் என்பதால் அப்பாவிலிருந்து, இரண்டாவது மிஷினில் தைக்கும் தையல்காரம்மா வரை எல்லோருக்கும் அவள் பெரியவள்தான்.

"சோபாவுக்கு உறை கேட்டா கூடாரம் தெச்சு அனுப்பியிருக்கியே, உள்ள நாங்க குடியிருக்கறதா?" என்றது போனில் வந்த பெண் குரல். "உன் கைல எல்லாம் யார் கத்தரிக்கோல் குடுத்தது?"

பெரியவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். அது அவள் பழக்கம். திட்டுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு மன்னிப்பைச் செருகிவிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். பிறகு பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினாள். இல்லை. போன மாதத்துப் பக்கங்களிலும் இல்லை. எங்கே வாங்கினீர்களோ அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கித் திறந்தாள்.

மேலே கடைப் பெயர் வேறு. மற்றதெல்லாம் அவளுடையது. அதே நீலம். அதே ஆறு அளவுகள், அதே வரிசை. 'முதுகுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் கையை விட்டுப் பாருங்கள், எதுவரை போகிறது? விரலா, மணிக்கட்டா?' என்று அவள் மூன்று நாள் யோசித்து எழுதிய கேள்வி ஒரு எழுத்து மாறாமல் அங்கே உட்கார்ந்திருந்தது. மாதிரித் துணியை முதலில் அனுப்புவோம் என்ற வாக்குறுதியும் இருந்தது. முகப்புப் படத்தில் இருந்த சிவப்பு சோபா அவள் வீட்டு முன்னறை சோபா. படத்தின் இடது ஓரத்தில், அதன் கைப்பிடியில், அப்பாவின் கைத்தடி சாய்ந்திருந்தது. படம் எடுத்த அன்று அதை நகர்த்த மறந்து போனவள் இவள். அந்தத் தடியும் இப்போது அந்தக் கடையில் நின்றது. கடைசியில், அவள் பக்கத்தில் இருப்பது போலவே சின்ன எழுத்தில், 'புதன்கிழமை விடுமுறை.'

ஈயடிச்சான் காப்பி என்பார்களே, அதில் ஈயின் காலைக்கூட விடவில்லை. அதற்கும் கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணை அவள் பார்த்து எழுத வேண்டியதில்லை, மனப்பாடம். அவளுடைய சொந்தத் தம்பியின் எண் அது.

தம்பியை வீட்டில் கார்பன் என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அக்காவின் பழைய கணக்கு நோட்டைப் பார்த்து எழுதியவன், அவள் தப்பாக எழுதி அடித்திருந்த இடத்தையும் அதே போல எழுதி, அதே போல அடித்து வைத்திருந்தான். அன்றைக்கு அப்பா வைத்த பெயர். முப்பத்தேழு வயதாகியும் அந்தப் பெயருக்கு அவன் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன் போட்டாள். "ஏன்டா, வெக்கமா இல்ல?"

"எதுக்கு அக்கா?" என்றான் அவன். குரலில் ஒரு குற்ற உணர்ச்சி இருந்திருந்தால் அவள் வயிறு இப்படி எரிந்திருக்காது. "ஓ, பாத்துட்டியா. நானே சொல்லணும்னு இருந்தேன். நல்லா வந்திருக்குல்ல?"

"நல்லாதான் வரும். என்னோடது."

"அக்கா, இதுல உன்னோடது என்னோடதுன்னு ஒண்ணும் இல்ல. ஓடுறது எதுன்னு பாத்து எடுக்கறதுதான் பிசினஸ். உலகம் பூரா அப்படித்தான். உனக்கு ஓடுச்சு, அதனால எடுத்தேன். ஓடாதத எடுத்தா நீயே என்னைக் கேணைன்னு சொல்லுவ."

"உன் ஆளுங்க எனக்குப் போன் பண்ணித் திட்டறாங்கடா. கூடாரம் தெச்சு அனுப்பிருக்கியாமே."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிடும்," என்றான் கார்பன். யாருக்கோ ஆறுதல் சொல்கிற தொனி. அவள் போனைத் துணி மூட்டையின் மேல் வீசினாள்.

போகப் போகச் சரியாகவில்லை. அவன் கடையில் வாங்கி ஏமாந்தவர்கள், பெயரைச் சரியாகப் பார்க்காமல், இவள் கடைக்கு வந்து புகார் எழுதினார்கள். அதே சோபா, அதே நீலம், யாருக்கு வித்தியாசம் தெரியும்? மூன்று வாரத்தில் பதினோரு பேர். நாலு வருடம் சேர்த்த நல்ல பெயரில் பதினோரு ஓட்டை. வந்த ஆர்டர் பாதியானது. இரண்டாவது மிஷின் மேல் உறை போட்டாயிற்று. இப்படியே இன்னொரு மாதம் போனால் தையல்காரம்மாவை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த மாதம் கடையையே மூட வேண்டும். பெரியவளின் கணவர் கப்பல் வேலையில் இருப்பவர், வருடத்தில் ஒன்பது மாதம் கடலில். அவருக்கு எழுதிய செய்தியில் இதையெல்லாம் சொல்லாமல், 'சௌக்கியம்' என்று மட்டும் எழுதினாள்.

அவன் உறைகள் ஏன் கூடாரமாகின்றன என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். அவன் எடுத்தது கண்ணுக்குத் தெரிந்ததை. துணியை வெட்டுவதற்கு முன்னால் பெரியவள் ஒவ்வொரு ஆளையும் போனில் கூப்பிடுவாள். நீங்கள் எழுதிய ஆறு அளவையும் டேப்பை வைத்து இன்னொரு தரம் எடுத்து, வாயால் சொல்லுங்கள் என்பாள். பத்துக்கு நாலு பேர் அப்போதுதான் தங்கள் தப்பைக் கண்டுபிடிப்பார்கள். அந்தப் போன் அழைப்பு எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் அதையும் எடுத்திருப்பான் புண்ணியவான்.

அந்தப் பழக்கம் அவள் தலையில் உதித்ததும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்தது. அப்பாவுக்கு இடது காலில் ஆறாத புண். சர்க்கரை. புதன்கிழமை மட்டும்தான் அந்தப் புண்ணுக்கான பிரிவு திறந்திருக்கும். கட்டைப் பிரித்து, செத்த சதையை வெட்டி எடுத்து, மறுபடி கட்டுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் நர்ஸம்மா பெயரும் பிறந்த தேதியும் கேட்பார். நோயாளி ஒரு தரம் சொல்ல வேண்டும், கூட வந்த சொந்தம் ஒரு தரம் சொல்ல வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முதல் வாரம் பெரியவள் சண்டைக்குப் போனாள். அதான் ஃபைலில் இருக்கிறதே, எதற்கு வயதானவரைப் போட்டு வதைக்கிறீர்கள் என்றாள்.

"ஃபைல் மாறிப் போகும்மா," என்றார் நர்ஸம்மா. "ஒரே பேர்ல ரெண்டு பேர் வந்து உக்காந்திருப்பாங்க. நான் கேக்கற கேள்வி உங்களுக்குத் தொல்லை. கேக்காம விட்டா அவர் கால் போயிடும்."

அந்த வாரம் வியாழக்கிழமையே பெரியவள் வாடிக்கையாளர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள். உறைகள் திரும்பி வருவது அன்றோடு நின்றது. மாதிரித் துணி அனுப்புவதும் அவள் சரக்கு இல்லை. அது வர்ணக் கடைக்காரர் அட்டையில் நிறம் தீட்டிக் கொடுப்பதைப் பார்த்து எடுத்தது. எடுத்தாள்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவர்களிடம் போய் நின்று, எதற்கு இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு எடுத்தாள்.

கார்பனின் புகழ் அதற்குள் எங்கேயோ போயிருந்தது. தையல்காரம்மாதான் ஒரு நாள் போனை நீட்டினாள். "உங்க தம்பி பாடம் எடுக்கறாரு, பாருங்க."

பார்த்தால், வீடியோ எடுக்கும் வட்ட விளக்கின் முன்னால் புதுச் சட்டையில் உட்கார்ந்து, இணையத்தில் கடை வைப்பது எப்படி என்று ஊருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"சொந்தமா யோசிச்சு மண்டையை உடைச்சுக்காதீங்க. உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் உடைச்சுக்கிட்டிருப்பாரு. அவர் கடையப் பாருங்க. ஓடுதா? எடுங்க. எல்லாத்தையும் எடுங்க. எது வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியாது, அதனால ஒண்ணையும் விடாதீங்க."

"இவர் பேசறதப் பாத்தா நாமதான் அவர்கிட்ட எடுத்த மாதிரி இருக்கு," என்றாள் தையல்காரம்மா.

"சும்மா இரு. கேக்கலாம்."

"என் கடை புதன்கிழமை லீவு," என்று தொடர்ந்தான் கார்பன். "எல்லாரும் ஞாயித்துக்கிழமை மூடுவாங்க. நான் ஏன் புதன்கிழமை மூடறேன்? அங்கதான் விஷயமே இருக்கு. வாரத்துக்கு நடுவுல, வேணும்னு தோணுறப்ப, கிடைக்காமப் பண்ணணும். ஜனங்களுக்கு ஒரு தவிப்பு வரும். வியாழக்கிழமை காலைல வந்து குவிவாங்க. இது பெரிய மனோதத்துவம்."

கீழே ஒருவர், இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது ஐயா என்று கேட்டிருந்தார். 'அனுபவம்' என்று பதில் எழுதியிருந்தான்.

பெரியவளுக்குக் காது இரண்டும் சுட்டது. அனுபவமாம். புதன்கிழமை காலை ஆறரைக்கு வாடகை வண்டி வரும். மூன்று படியில் அப்பாவை இறக்கக் கால் மணி நேரம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அசையும் நாற்காலியில் டோக்கனோடு நாலு மணி நேரம். கட்டைப் பிரிக்கும்போது வரும் நாற்றம். கத்தி படும்போது அப்பா கத்த மாட்டார், இவள் மணிக்கட்டைப் பிடிப்பார். விரல் பட்ட இடம் சாயங்காலம் வரை சிவந்திருக்கும். இரண்டு வருடம், ஒரு புதன் தவறாமல். அப்பாவைப் பார்க்க வருகிற நாளில் கார்பன் பழம் வாங்கி வருவான், அரை மணி நேரம் இருப்பான், "கால்ல புண்ணு எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்பா பதில் சொல்லி முடிப்பதற்குள் போனைப் பார்ப்பான். எந்த நாள், எந்த ஆஸ்பத்திரி, யார் கூட்டிப்போகிறார்கள் என்று ஒரு நாள் கேட்டதில்லை. கேட்காத அந்தப் புதன்கிழமையைத்தான் தூக்கிக்கொண்டு போய் மனோதத்துவம் என்று விற்றுக்கொண்டிருந்தான். அன்று முழுக்க அவள் வெட்டிய துணி ஒன்றும் நேராக வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு விடுதியின் மேலாளர் நேரில் வந்தார். வழுக்கை, சிரிக்காத முகம், கையில் ஒரு குறிப்பேடு. அவர் விடுதியில் அறுபத்துநாலு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சோபா. எல்லாம் வேறு வேறு காலத்தில் வாங்கியவை, ஒன்றைப் போல ஒன்று இல்லை. எல்லாவற்றுக்கும் உறை வேண்டும். பெரியவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு மிஷினுக்கும் மூன்று மாத வேலை. தையல்காரம்மாவை அனுப்ப வேண்டாம். கடை பிழைத்துவிடும்.

"ஆனா ஒரு விஷயம்," என்றார் மேலாளர். "ஆள் தங்கியிருக்கறப்ப அறைக்குள்ள யாரையும் விட முடியாது. எங்களுக்குக் கூட்டமே இல்லாத நாள் புதன்கிழமைதான். வாரத்துக்கு எட்டு அறை காலி பண்ணித் தருவேன். நீங்களே வந்து அளவெடுக்கணும், தெச்சு அனுப்பினா எங்க ஆளுங்க மாட்டிக்குவாங்க. வேற யாரையும் அனுப்பக் கூடாது. எட்டு புதன்கிழமை."

பெரியவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். "வேற நாள் எதுவும்..."

"எதுவும் கிடையாது. உங்க ரெண்டு பேருக்கும் புதன்கிழமை மேல அப்படி என்ன கோபம்னு எனக்குப் புரியல. அந்த இன்னொரு கடை இருக்கே, உங்க மாதிரியே, அவரையும் கேட்டேன். 'புதன்கிழமை திறக்கறதில்ல சார், அது எங்க கொள்கை, எவ்வளவு பெரிய ஆர்டரா இருந்தாலும் மாத்த மாட்டோம்'னு சொல்லிட்டாரு. எனக்குப் பாடம் வேற எடுத்தாரு."

மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் பெரியவள் சிரித்தாள். மேலாளர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு ஊரில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிப்பு அடங்கியதும் யோசித்தாள். ஆஸ்பத்திரியில் கூலிக்கு ஆள் வைத்து அனுப்ப முடியாது. சதையை வெட்ட சொந்தப் பிள்ளையோ கட்டியவளோ கையெழுத்துப் போட வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. பிள்ளைகள் இரண்டே பேர். ஒன்று இவள். இன்னொன்றுக்குப் புதன்கிழமை லீவு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரி ஃபைலைப் பையில் வைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவன் மனைவி. "வாங்க அண்ணி," என்று சொல்லிவிட்டு, உதட்டில் விரல் வைத்து உள்ளே காட்டினாள். வட்ட விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கார்பன் மேலே சட்டையும் கீழே அரைக்கால் டவுசருமாக உட்கார்ந்து கணினியோடு பேசிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் அவசரமாக வகுப்பை முடித்தான்.

"சண்டை போட வந்திருக்கன்னா சொல்லிடு, பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்க," என்றான்.

"நீ அந்தப் பக்கத்த திற. முதல் படம்."

"படத்த எடுக்க மாட்டேன். அதுதான் ஓடுது."

"எடுக்கச் சொல்லல. பாருன்னு சொல்றேன். இடது பக்கம், ஓரத்துல. என்ன அது?"

கார்பன் குனிந்து பார்த்தான். அவன் மனைவியும் எட்டிப் பார்த்தாள். "தடி," என்றான்.

"யாரோடது?"

அவனுக்கு உடனே தெரியவில்லை. அவன் மனைவிதான் மெதுவாக, "மாமாவோடதுங்க," என்றாள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் வந்து போனது.

"திருடறவன் எதைத் தூக்கறோம்னாவது பாத்துத் தூக்குவான். நீ அதுகூடச் செய்யல."

"நீ மட்டும் என்ன, எல்லாத்தையும் மண்ணுல இருந்து முளைக்க வெச்சியா?" என்று அவன் குரலை உயர்த்தினான். "மாதிரித் துணி வர்ணக் கடைக்காரர்கிட்ட எடுத்தது. நீயே சொல்லிருக்க."

"எடுத்தேன். எதுக்குன்னு கேட்டு எடுத்தேன்."

"நான் உன்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டாள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அந்த ஒரு நிமிடத்தில் அவன் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, இப்ப ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நான் ஏன் புதன்கிழமை கடைய மூடறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே. வாரத்துக்கு நடுவுல..."

ஃபைலை மேசையில் வைத்தாள். தடித்த ஃபைல், முனை மடங்கி, ஒரு பக்கத்தில் மருந்துக் கறை. அவன் தொடவில்லை. அவன் மனைவி எடுத்துப் புரட்டினாள். ஒவ்வொரு தாளிலும் ஒரு தேதி, ஒரு முத்திரை, பெரியவளின் ஒரு கையெழுத்து.

"எல்லாமே புதன்கிழமை," என்றாள் அவன் மனைவி. கணவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்க்கவில்லை. "எத்தனை வருஷம் அண்ணி?"

"ரெண்டு."

"கால்ல ஏதோ புண்ணுன்னுதானே சொன்ன," என்றான் கார்பன்.

"ஏதோ. ஆமா. ஏதோதான்." பெரியவள் ஃபைலை வாங்கி அவன் முன்னால் வைத்தாள். "என் கடைல இருந்து எல்லாத்தையும் எடுத்த. ஒண்ணையும் விடாதீங்கன்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கற. நீ விட்டது இது ஒண்ணுதான். எடுத்துக்க. வர்ற புதன்ல இருந்து எட்டு வாரம், அப்பாவ நீ கூட்டிட்டுப் போ."

"புதன்கிழமை எனக்கு வேலை இருக்கும்."

"என்ன வேலை? கடை லீவுன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொல்லிருக்க."

கார்பன் மனைவியைப் பார்த்தான், அவள் ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாள் என்று.

"மத்தியானம் வரைக்கும் தூங்குவாரு அண்ணி," என்றாள் அவள். "நான் ஆறு மணிக்கே எழுப்பி அனுப்பறேன்."

அவன் கொஞ்ச நேரம் வட்ட விளக்கின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான், "அதென்ன எட்டு வாரம்? கணக்கா?"

"எனக்கும் ஒரு லீவு வேணும்ல," என்றாள் பெரியவள். பொய் சொல்லவில்லை, முழுதாகவும் சொல்லவில்லை. அவனிடம் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"போறேன். ஆனா கடையப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசக் கூடாது. படம் இருக்கும்."

"இருக்கட்டும்," என்றாள். ஃபைலை அவனிடம் விட்டுவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மேலாளரைக் கூப்பிட்டு, புதன்கிழமை வருகிறேன் என்று சொன்னாள்.

புதன்கிழமை காலை அவன் வந்தான், பத்து நிமிடம் தாமதமாக. அப்பா வாசலில் தயாராக நின்றார். கார்பனைப் பார்த்து, "வழி தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் பேசவில்லை. வண்டி திரும்பும்வரை பெரியவள் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் மணிக்கட்டு அன்றைக்குச் சும்மா இருக்கப்போகிறது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நினைத்தாள், ஆனால் வரவில்லை.

பதினோரு மணிக்கு விடுதியின் இரண்டாம் மாடியில், மூன்றாவது அறையில், முட்டி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கார்பன். பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல்.

"அக்கா, அப்பாவோட பிறந்த தேதி என்ன?"

பெரியவள் டேப்பைக் கீழே வைத்தாள். "ஃபைல்ல இருக்கு."

"ஃபைல நர்ஸம்மா வாங்கி வெச்சுக்கிட்டாங்க. வாயால சொல்லணுமாம்."

"அப்பா பக்கத்துலதானே இருக்காரு."

"அவர் சொல்லிட்டாரு, தனியா, அவங்க காதுல. இப்ப நான் சொல்லணுமாம். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் கத்தி எடுப்பாங்களாம். அப்பாவக் கேட்டா மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்காரு." அவன் குரல் தாழ்ந்தது. "நான் ஒரு தேதி சொன்னேன். இல்லன்னுட்டாங்க. எல்லாரும் பாக்கறாங்க அக்கா. நீங்க நிஜமாவே மகன்தானான்னு கேக்கறாங்க."

அந்த நேரம் பார்த்து மேலாளர் கதவில் தட்டினார். "மேடம், இருநூத்தி ஏழும் காலி பண்ணியாச்சு. அடுத்து அதுக்கு வாங்க."

அந்தக் குரல் போன் வழியாகக் கார்பனுக்கும் கேட்டது. "அது அந்த விடுதி மேனேஜர்தானே?" என்றான். "இந்தக் குரல் எனக்குத் தெரியும். புதன்கிழமை ஆர்டர். அத நீ எடுத்துட்டியா? அதுக்குத்தான் எட்டு வாரமா?"

"ஆமா."

"அக்கா, இது துரோகம்."

"புதன்கிழமை மூடறது பெரிய மனோதத்துவம்னு நீதானே சொன்ன. நான் திறந்து பாத்தேன்."

அவன் பதில் சொல்வதற்குள் அந்தப் பக்கம் நர்ஸம்மாவின் குரல் கேட்டது. தம்பி, தெரியுமா தெரியாதா, தெரியலைன்னா ஓரமா உக்காருங்க, அடுத்தவங்க வரட்டும். பெரியவளுக்கு அந்தக் குரல் பழக்கம். ஓரமாக உட்கார்ந்தால் இன்னும் மூன்று மணி நேரம். அப்பா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கட்டுக்குள் நீர் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவளுக்குக் கோபம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அந்தக் கால் அவளுக்குத் தெரியும்.

"சொல்றேன், கேட்டுக்க," என்றாள். "பதினேழு. மூணாம் மாசம். நாப்பத்தொம்பது."

"சரி," என்று அவன் போனை வைக்கப் போனான்.

"வெக்காத. திருப்பிச் சொல்லு."

"என்னது?"

"நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லணும். அப்பத்தான் வெப்பேன். என் கடைல வழக்கம் அது. உனக்கு அது தெரியாது."

"பதினேழு. மூணு. நாப்பத்தெட்டு."

"ஒம்பது. நாப்பத்தொம்பது. முதல்ல இருந்து."

"பதினேழு," என்றான் கார்பன். குரலில் இருந்த வகுப்பு எடுக்கும் தொனி எல்லாம் போயிருந்தது. "மூணாம் மாசம். நாப்பத்தொம்பது."

"சரி. போய்ச் சொல்லு. வெட்டும்போது அப்பா கைய பிடிப்பாரு. வலிக்கும். இழுத்துக்காத."

அவன் போனை வைக்காமல் கேட்டான், "அக்கா, அடுத்த வாரமும் இதைக் கேப்பாங்களா?"

"ஒவ்வொரு வாரமும் கேப்பாங்க," என்றாள் பெரியவள். போனை வைத்துவிட்டு, டேப்பை எடுத்து, சோபாவின் சந்துக்குள் கையை விட்டாள். மணிக்கட்டு வரை போனது. அதைக் குறித்துக்கொண்டு இருநூற்று ஏழுக்குப் போனாள்.